திங்கட்கிழமை திரும்புவார்

சாஸ்கட்டூன், பிப்ரவரி, மைனஸ் முப்பத்தெட்டு.
முதுநிலை மாணவர் அலுவலகத்தின்
இரண்டாவது ஜன்னல் என்னுடையது.
பெயர் அட்டையில் டோரீன் ஹ்னாட்யுக்.
வருகிறவர்கள் அதை வாசிக்க முயன்று
ஹலோவோடு நிறுத்திக்கொள்வார்கள்.

விடுப்புக்கு ஒரு விதி, கட்டணத் தவணைக்கு ஒன்று,
பிள்ளை பெற ஒன்று, புகார் சொல்ல ஒன்று,
இரவு இரண்டு மணிக்கு அழுகை வந்தால் கூப்பிட ஓர் எண்
(காத்திருக்கும்போது பியானோ கேட்கும்).
எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்,
நிறம் பிரித்த கோப்புகளில்.
பதினேழு வருடமாய் அடுக்குகிறேன்.
எந்தத் துக்கத்துக்கும் ஒரு பக்க எண் உண்டென்று
நம்பத் தொடங்கியிருந்தேன்.

அனெலீஸ் ஃப்ரீசன் வந்தாள்.
மண்ணியல், முனைவர் பட்டம், நான்காம் ஆண்டு.
இமையோரம் பனி உருகிக்கொண்டிருந்தது,
பனிதான், உற்றுப் பார்த்தேன்.
கையுறையைக் கழற்றாமலே படிவத்தைத் தள்ளினாள்:
மேற்பார்வையாளர் மாற்றம்.
எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, ஒன்றைத் தவிர.
தற்போதைய மேற்பார்வையாளரின் கையொப்பம்.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். கட்டாயம்.

"அவர் போன செவ்வாய் இறந்துவிட்டார்."
"தெரியும்" என்றேன்.
அரைக்கம்பத்தில் கொடி விறைத்து நின்றதை
பேருந்திலிருந்தே பார்த்திருந்தேன்.

பதிவாளரைக் கூப்பிட்டேன்: துறையைக் கேளுங்கள்.
துறையைக் கூப்பிட்டேன்: டீன் அலுவலகத்தைக் கேளுங்கள்.
டீன் அலுவலகம் மிகுந்த பரிவோடு
என் எண்ணையே எனக்குக் கொடுத்தது.

"அவருக்கும் அனுப்பிப் பார்த்தேன்" என்றாள்,
திருட்டை ஒப்புக்கொள்கிற குரலில்.
"நேற்று ராத்திரி. ஏனென்று தெரியாது.
உடனே பதில் வந்தது."

போனை ஜன்னலுக்குள் நீட்டினாள்.
பேராசிரியர் வெண்டல் கிரோவ்ஸ் எழுதியிருந்தார்:
நான் அலுவலகத்தில் இல்லை. திங்கட்கிழமை திரும்புவேன்.
அதுவரை என் வேலைகள் அனெலீஸ் ஃப்ரீசன் பொறுப்பில்.
அவசரமென்றால் அவளைக் கேளுங்கள்.

முதலில் சிரித்தது யாரென்று சொல்லமாட்டேன்.
வரிசையில் நின்ற மற்றவர்கள்
தத்தம் காலணிகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

பச்சைக் கோப்பு. ஏழாம் பிரிவு. அடிக்குறிப்பு.
மேற்பார்வையாளர் இல்லாத வேளையில்
அவர் எழுத்து மூலம் பொறுப்பளித்தவர்
கையொப்பமிடலாம்.
எழுதியவர் கோடை விடுமுறையை மனதில் வைத்திருப்பார்,
ஏரிக்கரை, தூண்டில், அப்படி ஏதாவது.

மின்னஞ்சலை அச்செடுத்துப் படிவத்தோடு பின்னடித்தேன்.
அவள் கையுறையைக் கழற்றினாள்.
குளிரில் விறைத்த பேனா மூன்றாம் முறைதான் எழுதியது.
தன்னைத் தானே விடுவித்துக் கையெழுத்திட்டாள்,
அவருடைய கட்டத்துக்குள்,
கோட்டைத் தாண்டாமல்.

படிவம் ஒரே ஒரு கேள்வியோடு மேலிருந்து திரும்பி வந்தது:
மேற்பார்வையாளர் பணிக்குத் திரும்பும் நாள்?
திங்கட்கிழமை என்று நிரப்பினேன்.
அவர் எழுதிக் கொடுத்ததைத்தானே எழுதினேன்.
எந்தத் திங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

தொண்ணூறு நாளில் கணக்கை மூடிவிடுவார்கள்,
அதற்கும் விதி இருக்கிறது, நீலக் கோப்பில்.
எண்பத்தெட்டாம் நாள் மாலை
எல்லோரும் போன பிறகு
வெற்று மின்னஞ்சல் ஒன்றை நானும் அனுப்பினேன்.
அவர் வாக்கு மாறவில்லை.

மே மாதம் அனெலீஸ் மறுபடி ஜன்னலுக்கு வந்தாள்.
வெளியே ஆறு உடைந்து நகர்ந்துகொண்டிருந்தது.
வயலில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில்
மண் இன்னும் இறுகித்தான் கிடக்கிறதாம்,
அளந்து பார்த்ததைச் சொன்னாள்.
இந்த முறை சைக்கிள் நிறுத்த அனுமதிப் படிவம்.
ஒரே ஒரு கையொப்பம் போதும்.
"ஹ்னாட்யுக்" என்றாள் போகும்போது,
கிட்டத்தட்டச் சரியாக.